மூளை, பெப்டைடு, கூடவே கொஞ்சம் உலோகம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மூளைக்குள்ள சேதி கொண்டுபோற பெப்டைடுகளைப் பத்தி எழுதினப்போ, "இதுல பெரும்பாலான வேலைக்கு உலோக அயனிங்க கூடவே இருக்கணும்"னு போற போக்குல ஒரு வரி போட்டிருந்தேன், காப்பர், இரும்பு, ஆக்ஸிடோசினுக்கு மக்னீசியம்னு உதாரணத்தோட. வந்த கேள்வி எல்லாமே அந்த ஒரு வரியைப் பத்திதான், அதனால இந்த மாசம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். ஒரே மாதிரி கேட்டிருந்ததை ஒண்ணா சேர்த்திருக்கேன்.

கேள்வி: மேடம், மூளையில காப்பர், இரும்புன்னு சொல்றீங்க, அது அங்க எந்த ரூபத்துல இருக்கும்? பெப்டைடுன்னா புரோட்டீனா? நான் பத்தாவதோட சயின்ஸை விட்டவ, அடியிலேந்து சொல்லுங்க.

பதில்: தகடாவோ தூளாவோ எதுவும் கிடையாதுங்க. எலக்ட்ரானை இழந்து பாசிட்டிவ் சார்ஜோட இருக்கிற தனித்தனி அணுக்கள், அதைத்தான் அயனின்னு சொல்றோம். உப்பைத் தண்ணியில போட்டா சோடியம் எந்த ரூபத்துல கரைஞ்சிருக்குமோ அதே ரூபம்தான். ஒரு வளர்ந்த ஆளோட உடம்பு முழுக்க சேர்த்தா மக்னீசியம் 25 கிராம் கிட்ட, இரும்பு 3, 4 கிராம், ஜிங்க் 2, 3 கிராம், காப்பர் வெறும் 100 மில்லிகிராம் அளவுதான் இருக்கும். அதுல மூளைக்கு வர்ற பங்கு ரொம்ப சின்னது, ஆனா அந்த சின்னப் பங்கை வச்சு மூளை பண்ற வேலை நிறைய.

பெப்டைடுன்னா சின்ன புரோட்டீன்னே வச்சுக்கலாம். புரோட்டீன்ல நூத்துக்கணக்குல அமினோ ஆசிட் கோத்திருக்கும், பெப்டைடுல அஞ்சு, பத்து, முப்பதுன்னு இருக்கும். வலியைக் குறைக்கிற என்கெஃபலின்ல அஞ்சே அஞ்சு, 1975ல பன்னி மூளையிலேந்து ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் அதைப் பிரிச்சு எடுத்தாங்க. பிரசவத்துக்கு உதவற ஆக்ஸிடோசின் ஹார்மோன்ல ஒன்பது. ஒரு நியூரான், அதாவது நரம்பு செல், இந்த பெப்டைடுகளை சின்னச் சின்னப் பைக்குள்ள அடைச்சு வச்சிருந்து தேவைப்படறப்போ வெளிய விடும், அது இன்னொரு செல்லோட ரிசெப்டர்ல, அதாவது சேதியை வாங்கற புரோட்டீன்ல, போய் உக்காரும், சேதி போயிடும். பையைத் திறந்துவிடற சிக்னலே கால்சியம் அயனி உள்ள நுழையறதுதான், அதாவது முதல் படியிலேயே ஒரு உலோகம் வந்துடுச்சு பாருங்க.

கேள்வி: நான் கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ஒரு பெப்டைடு காப்பரைப் புடிக்கும், இன்னொண்ணு புடிக்காதுன்னு எதை வச்சு சொல்றாங்க? வரிசையைப் பார்த்தே சொல்ல முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும்பா, எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் புடிச்ச இடம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

பள்ளிக்கூட லேப்ல பையூரெட் டெஸ்ட் பண்ணியிருப்பே. புரோட்டீன் கரைசல்ல காரத்தைச் சேர்த்து, ரெண்டு சொட்டு காப்பர் சல்ஃபேட் விட்டா நீலம் போய் ஊதா வரும். அந்த ஊதா எங்கேந்து வருது? அமினோ ஆசிட்களைக் கோத்து வச்சிருக்கிற நடுச் சங்கிலியை பெப்டைடோட முதுகெலும்புன்னு சொல்லுவோம், அதுல இருக்கிற நைட்ரஜன்ல ஒரு ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும், காரம் அதைப் பிடுங்கிடும், காலியான நைட்ரஜன் போய் காப்பரைப் புடிச்சுக்கும். காப்பரைச் சுத்தி தண்ணி இருந்த இடத்துல நைட்ரஜன் வந்தா அது உறிஞ்சற வெளிச்சம் மாறிடும், அதனால கலர் மாறுது. இப்போ மூளையில பிஹெச் 7.4 கிட்ட, அங்க அவ்வளவு காரம் இல்ல. அப்போ அந்த ஹைட்ரஜனை யாரு பிடுங்கறது? காப்பரே பிடுங்கணும், அதுக்கு முதல்ல அது பக்கத்துல வந்து நிலையா நிக்க ஒரு பிடிமானம் வேணும். அந்தப் பிடிமானம்தான் ஹிஸ்டிடின்ங்கிற அமினோ ஆசிட், அதோட வளையத்துல இருக்கிற நைட்ரஜன் காப்பருக்கு ரொம்ப இஷ்டம்.

இதுல ஹிஸ்டிடின் எத்தனாவது இடத்துல இருக்குங்கிறது ரொம்ப முக்கியம். மூணாவது இடத்துல இருந்துச்சுன்னா, பெப்டைடோட ஆரம்ப முனையில இருக்கிற நைட்ரஜன் ஒண்ணு, முதுகெலும்பு நைட்ரஜன் ரெண்டு, ஹிஸ்டிடினோட நைட்ரஜன் ஒண்ணு, ஆக நாலும் ஒரே தளத்துல சதுரமா அமைஞ்சுடும். ரெண்டு பாசிட்டிவ் சார்ஜ் இருக்கிற காப்பருக்கு இந்த சதுரம் ரொம்ப வசதி, நிக்கலுக்கும் அப்படியே. ரத்தத்துல காப்பரைத் தூக்கிட்டுப் போற ஆல்புமின் புரோட்டீனோட ஆரம்பம் அஸ்பார்டிக் ஆசிட், அலனின், ஹிஸ்டிடின்னுதான் இருக்கும், மூணாவது ஹிஸ்டிடின் பாரு. மூளை பெப்டைடுகள்ல நியூரோமெடின் சி எடுத்துக்கோ, கிளைசின், அஸ்பாரஜின், ஹிஸ்டிடின்னு ஆரம்பிக்கும். அதோட உறவுக்கார பெப்டைடான நியூரோமெடின் பில அதே மூணாவது இடத்துல லூசின் இருக்கு, அந்த முனையில சதுரம் முழுசா அமையறதுக்கு வழி இல்ல.

இன்னும் நல்ல உதாரணம் டாக்கிகைனின்ங்கிற மூளை பெப்டைடு குடும்பம். சப்ஸ்டன்ஸ் பி, நியூரோகைனின் ஏ, நியூரோகைனின் பின்னு மூணு. மூணுக்கும் வால் பக்கம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், கிளைசின், லூசின், மெத்தியோனின்னு முடியும், ரிசெப்டர்ல போய் மாட்டறதும் முக்கியமா அந்த வால்தான். ஆனா தலைப்பக்கம் பாரு: சப்ஸ்டன்ஸ் பில ஹிஸ்டிடினே கிடையாது, நியூரோகைனின் ஏல முதல் இடத்துல இருக்கு, நியூரோகைனின் பில மூணாவது இடத்துல இருக்கு. அப்போ நியூரோகைனின் பி அந்த நாலு நைட்ரஜன் சதுரத்தை அப்படியே கட்டும்னுதான எதிர்பார்ப்போம்? 2013ல வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வுல பார்த்தா ஒரே காப்பரை ரெண்டு நியூரோகைனின் பி சேர்ந்து புடிச்சிருக்கு, அதுவும் போக ஆஸ்ட்ரோசைட்ங்கிற மூளைத் துணை செல்லுலேந்து வந்த புற்றுக்கட்டி செல்லுங்க காப்பரை உள்ள இழுக்கறதையும் அது குறைச்சிருக்கு. அதனாலதான் "ஓரளவுக்கு"ன்னு ஆரம்பத்துலயே சொன்னேன், வரிசை ஒரு நல்ல துப்பு கொடுக்கும், தீர்ப்பை லேப்தான் சொல்லணும். இந்த நியூரோகைனின் பி சாதாரண ஆள் இல்ல, மாதவிடாய் நிக்கற வயசுல வர்ற திடீர் உடம்புச் சூட்டுக்குப் பின்னாடி இருக்கிற நியூரான்களோட முக்கியமான சேதி இது, இதோட ரிசெப்டரை அடைக்கற ஃபெசோலினெட்டன்ட்ங்கிற மருந்துக்கு 2023ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது.

ஜிங்க் வேற ரகம். முதுகெலும்பு நைட்ரஜன்லேந்து ஹைட்ரஜனைப் பிடுங்கற சாமர்த்தியம் அதுக்குக் கம்மி, அதனால ஹிஸ்டிடின், சிஸ்டீன், அஸ்பார்டிக், குளூட்டாமிக் ஆசிட்னு பக்கச் சங்கிலிகளைத்தான் தேடும், சதுரத்தை விட நாலு முனை பிரமிடு மாதிரி அமைப்புதான் அதுக்கு வசதி. ரெண்டும் ஒரே எடத்துக்குப் போட்டி போட்டா பெரும்பாலும் காப்பர்தான் ஜெயிக்கும். 1953லயே இர்விங்கும் வில்லியம்ஸும் மாங்கனீஸ்லேந்து ஜிங்க் வரைக்கும் வரிசைப்படுத்தி வச்சுட்டாங்க, உச்சியில காப்பர்.

கேள்வி: அப்படி காப்பர் எதைப் பார்த்தாலும் புடிச்சுக்கும்னா மூளை முழுக்க காப்பர் சும்மா மிதந்துட்டு இருக்குமா?

பதில்: இருக்காது. ஈஸ்ட் செல்லுல 1999ல கணக்கு போட்டுப் பார்த்தாங்க, ஒரு செல்லுக்கு ஒரு ஃப்ரீ காப்பர் அயனி கூடத் தேறல. எல்லாமே ஏதாவது ஒரு புரோட்டீன் கையில இருக்கும், ஒரு கையிலேந்து இன்னொரு கைக்கு மாறும், அவ்வளவுதான். அதனால "இந்த பெப்டைடு காப்பரைப் புடிக்குது"ன்னு எங்கயாவது படிச்சீங்கன்னா, "யாருகிட்டேந்து வாங்குது?"ன்னு சேர்த்தே கேளுங்க. சோதனைக் குழாய்ல பெப்டைடும் காப்பர் உப்பும் மட்டும் இருக்கும், மூளையில ஆல்புமின், உலோகத்தைப் புடிச்சு வைக்கிற மெட்டலோதயோனீன் புரோட்டீன், ஹிஸ்டிடின், குளூட்டமேட்னு போட்டிக்கு நிறைய பேரு. இந்தக் கேள்வியைக் கேக்காம எழுதற ஆய்வுக் கட்டுரைங்களும் இருக்கு, எனக்கு அதுல வருத்தம்தான்.

கேள்வி: நான் பிரசவ வார்டுல நர்ஸ். ஆக்ஸிடோசின் ஊசியை ஃப்ரிட்ஜ்லதான் வைக்கணும்னு கண்டிப்பா சொல்லுவாங்க. நீங்க ஆக்ஸிடோசினுக்கும் மக்னீசியத்துக்கும் தொடர்புன்னு எழுதியிருந்தீங்க, அது எப்படி சிஸ்டர்?

பதில்: உங்க கையில தினமும் புழங்கற மருந்தை வச்சே இதைச் சொல்ல முடியறது எனக்கு சந்தோஷம் சிஸ்டர்.

ஆக்ஸிடோசின்ல ஒன்பது அமினோ ஆசிட், முதலாவதும் ஆறாவதும் சிஸ்டீன், அந்த ரெண்டும் சல்ஃபரால கோத்துக்கிட்டு ஒரு வளையமா நிக்கும், மீதி மூணு வாலா தொங்கும். 1953ல டு விக்னோ இதை லேப்ல செஞ்சு காட்டினார், 1955ல நோபல் கொடுத்தாங்க. மக்னீசியம் இல்லாம இந்த ஹார்மோன் அதோட ரிசெப்டர்ல சரியா ஒட்டாதுங்கிறது 1970கள்லேந்தே தெரிஞ்ச சங்கதி, ஏன்னுதான் ரொம்ப வருஷமா பிடிபடாம இருந்துச்சு. 2022ல மாதிரியை உறைய வச்சுப் படம் எடுக்கிற க்ரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல ஆக்ஸிடோசின் ரிசெப்டர்ல உக்காந்திருக்கிற படத்தை எடுத்தப்போ அந்த மக்னீசியம் கண்ணுக்கே தெரிஞ்சுது. ரிசெப்டரோட ரெண்டு அமில அமினோ ஆசிட், ஒரு குளூட்டாமிக், ஒரு அஸ்பார்டிக், அந்தப் பக்கம் ஆக்ஸிடோசின், நடுவுல மக்னீசியம் ரெண்டு பேரையும் சேர்த்துப் புடிச்சுக்கிட்டு நிக்குது. அதாவது அது ஓரமா நின்னு உதவி பண்ற ஆள் கிடையாது, ஒட்டற இடத்துலயே ஒரு பாகம்.

இது ஆக்ஸிடோசினுக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க. பசியைக் கட்டுப்படுத்தற மெலனோகார்டின் 4 ரிசெப்டர் இருக்கே, அந்த ஒரு ஜீன் கெட்டாலே குழந்தையிலேந்து கடுமையான உடல்பருமன் வரும், ஒற்றை ஜீனால வர்ற பருமன்ல அதிகமா பார்க்கறது இதைத்தான். அந்த ரிசெப்டரோட அமைப்பு 2020ல வெளியானப்போ பெப்டைடுக்கும் ரிசெப்டருக்கும் நடுவுல ஒரு கால்சியம் அயனி உக்காந்திருந்துச்சு. ரெண்டு வேற வேற குடும்பம், ரெண்டு வேற வேற உலோகம், ஆனா உத்தி ஒண்ணுதான்.

இப்போ ஃப்ரிட்ஜ் விஷயம். ஆக்ஸிடோசின் கரைசலா இருக்கிறப்போ சூடு பட்டா ஒரு பெப்டைடு இன்னொண்ணோட சல்ஃபர் வழியா சேர்ந்து ரெட்டையாகிடும், ஓரங்கள்ல அமைடுன்னு சொல்ற நைட்ரஜன் தொகுதிகளும் உடையும், அதனால 2லேந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். ஜிங்க்கை அஸ்பார்டேட் கரைசலோட சேர்த்து வச்சா இந்தச் சிதைவு நல்லாவே குறையுதுன்னு ஆய்வு பண்ணிக் காட்டியிருக்காங்க, ஜிங்க்கும் அஸ்பார்டேட்டும் ஆக்ஸிடோசினோட சேர்ந்து புடிச்சுக்கிறதால அந்த சல்ஃபர் பாலம் அவ்வளவு சுலபமா பிரியாது. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற ரத்தப்போக்கை நிறுத்தற மருந்து இது, கரண்ட் நிலையா இல்லாத இடங்கள்ல எத்தனையோ உயிர் இதை நம்பி இருக்கு, அதனால ஒரு ஜிங்க் அயனி எந்தப் பக்கம் ஒட்டுதுங்கிற ஆராய்ச்சியை நான் சின்ன விஷயமா நினைக்கல. ஆனா அது ஆராய்ச்சி, உங்க வார்டுல இருக்கிற மருந்துக்கு ஃப்ரிட்ஜ் விதிதான் விதி.

கேள்வி: உலோகம் எப்பவும் துணைக்குத்தானா? அதுவே சேதியா இருக்க முடியாதா?

பதில்: முடியும், அதுக்கு ஒரு நல்ல கதையே இருக்கு. பசியைத் தூண்டற க்ரெலின் ஹார்மோன் வர்ற அதே ஜீன்லேந்து ஒபெஸ்டாட்டின்னு 23 அமினோ ஆசிட் இருக்கிற ஒரு பெப்டைடு வருது, அது பசியைக் குறைக்குது, அதோட ரிசெப்டர் ஜிபிஆர்39னு 2005ல ஒரு பெரிய ஜர்னல்ல வந்துச்சு. ஒரே ஜீன், ரெண்டு எதிரெதிர் சேதி, கேக்கவே அழகா இருந்துச்சு. ஆனா மத்த லேப்கள்ல திரும்பப் பண்ணிப் பார்த்தப்போ ஒபெஸ்டாட்டின் அந்த ரிசெப்டரைத் தூண்டவே இல்ல. 2007 வாக்குல அதைத் தூண்டறது ஜிங்க்னு தெளிவாச்சு. பெப்டைடுக்குன்னு நினைச்ச கதவு ஒரு உலோக அயனிக்கான கதவா இருந்துருக்கு.

அந்த ஜிங்க் எங்கேந்து வருதுன்னா, ஞாபகத்தைப் பதிக்கற ஹிப்போகேம்பஸ்லயும் மூளையோட மேல்பகுதியான கார்டெக்ஸ்லயும் இருக்கிற சில நியூரான்ங்க குளூட்டமேட்ங்கிற சேதி ரசாயனத்தை வச்சிருக்கிற அதே பைக்குள்ள ஜிங்க்கையும் அடைச்சு வச்சிருக்கும், உள்ள ஏத்தற வேலையை ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 3ங்கிற புரோட்டீன் பார்க்குது. 1950கள்லயே உலோகத்தைக் கலராக் காட்டற சாயங்களைப் போட்டப்போ ஹிப்போகேம்பஸ்ல ஒரு பட்டை மட்டும் தனியா எடுத்துக் காட்டுச்சு, அது மாஸ்ஸி ஃபைபர்னு சொல்ற நரம்பு முனைங்க இருக்கிற இடம். நியூரான் சிக்னல் விட்டா குளூட்டமேட்டோட ஜிங்க்கும் வெளிய வரும், வந்து குளூட்டமேட்டை வாங்கற என்எம்டிஏ ரிசெப்டரை அடக்கும், அதுலயும் 2ஏ வகைத் துணை அலகு இருக்கிற ரிசெப்டருக்கு நானோமோலார்ங்கிற ரொம்பத் துளி அளவே போதும், அவ்வளவு நுணுக்கம். அதே ரிசெப்டரோட ஓட்டைக்குள்ள மக்னீசியம் வேற உக்காந்து வழியை அடைச்சிருக்கும், செல்லோட வோல்டேஜ் மாறினாதான் விலகும்னு 1984ல கண்டுபிடிச்சாங்க. நாம எதையாவது மனசுல பதிய வைக்கிறப்போ இந்த ரெண்டு உலோகமும் அந்த வாசல்லதான் நிக்குது.

கேள்வி: எங்க சொந்தத்துல ஒரு குழந்தைக்கு மென்கிஸ் நோய்னு சொல்லியிருக்காங்க. காப்பர் குறைபாடுன்னு டாக்டர் சொன்னார். காப்பர் இல்லாட்டி மூளை ஏன் இவ்வளவு பாதிக்கணும்?

பதில்: உங்க குடும்பம் எவ்வளவு கலங்கிப் போயிருக்கும்னு புரியுது. முடிஞ்ச வரைக்கும் நேராவே சொல்றேன்.

இந்த நோயை 1962ல ஜான் மென்கிஸ் விவரிச்சார், 1972ல டேங்க்ஸ்ங்கிற டாக்டர் இதுக்குப் பின்னாடி காப்பர் இருக்குன்னு கண்டுபிடிச்சார், குழந்தைங்களோட முடி சுருண்டு உடையறதைப் பார்த்துதான் அவருக்கு அந்த யோசனையே வந்துச்சு. குடல்லேந்து காப்பரை ரத்தத்துக்குள்ள அனுப்பற ஏடிபி7ஏங்கிற பம்ப் வேலை செய்யாது. அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கிறதால பெரும்பாலும் ஆண் குழந்தைங்களுக்குத்தான் வரும். சாப்பாட்டுல காப்பர் இருந்தாலும் குடல் செல்லுலயே தங்கிடும், மூளைக்குப் போய்ச் சேராது.

மூளையில காப்பர் இல்லாட்டி பல என்சைம் நின்னு போகும், அதுல ஒண்ணு நம்ம விஷயத்துக்கு நேரடியா வருது. நிறைய மூளை பெப்டைடுங்க முதல்ல தயாராகறப்போ வால்ல ஒரு கிளைசின் அதிகமா ஒட்டியிருக்கும், அதை நறுக்கி முனையை அமைடா மாத்தினாதான் ரிசெப்டர் அதை மதிக்கும். ஆக்ஸிடோசின், வாசோப்ரெஸ்ஸின், சப்ஸ்டன்ஸ் பி, நியூரோகைனின் பி, இனப்பெருக்கத்தை ஆரம்பிச்சு வைக்கிற ஜிஎன்ஆர்ஹெச், எல்லாத்துக்கும் இந்தக் கடைசி வேலை வேணும். அதைச் செய்யறது பாம்னு சுருக்கமா சொல்ற ஒரு என்சைம், அதோட மையத்துல ரெண்டு காப்பர் இருக்கு, கூட வைட்டமின் சியும் ஆக்ஸிஜனும் வேணும். காப்பர் இல்லாட்டி பெப்டைடு செஞ்சும் முடிக்காத நிலையிலயே நின்னுடும். எலியில இந்த என்சைமே இல்லாம பண்ணினா கருவுலயே செத்துடுது, அவ்வளவு அவசியம்.

உங்களுக்கு நடைமுறையில முக்கியமானது இதுதான்: பிறந்து முதல் சில வாரத்துக்குள்ள காப்பர் ஹிஸ்டிடின் ஊசி ஆரம்பிச்ச குழந்தைங்கள்ல சிலருக்கு நல்ல பலன் கிடைச்சிருக்கு, லேட்டா ஆரம்பிச்சா பலன் குறைவு, ஜீன்ல வந்த மாற்றம், அதாவது மியூட்டேஷன், எந்த வகைங்கிறதைப் பொறுத்தும் மாறும். ஊசியில ஹிஸ்டிடினோட சேர்த்துக் கொடுக்கிறதுக்குக் காரணம் மேல சொன்ன அதே பிடிமானம்தான். மரபணு டாக்டர்கிட்ட மியூட்டேஷன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்க, அடுத்து கருத்தரிக்கிறவங்க குடும்பத்துல இருந்தா அவங்களுக்கும் ஆலோசனை கேளுங்க, தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: சேதி சொல்லி முடிஞ்ச பெப்டைடை யாரு அப்புறப்படுத்தறது?

பதில்: அதுக்கும் உலோகம்தான். நெப்ரிலைசின்னு ஒரு என்சைம், நடுவுல ஒரு ஜிங்க், அது தண்ணி மூலக்கூறைத் தயார்படுத்தி பெப்டைடை வெட்டும். என்கெஃபலின், சப்ஸ்டன்ஸ் பி, அல்சைமர் நோய்ல மூளையில படியற அமைலாய்டு பீட்டான்னு பலதையும் வெட்டறது இதுதான். இந்த ஜிங்க்கைக் குறிவச்சு அடைக்கற ரேசிகாடோட்ரில்னு வயித்துப்போக்கு மருந்தே இருக்கு, குடல்ல என்கெஃபலின் கொஞ்ச நேரம் கூடுதலா நின்னு தண்ணி வெளியேறறதைக் குறைக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு அல்சைமர். மூளையில காப்பர், ஜிங்க் சேர்ந்துதான் இந்த நோய் வருதுன்னும், உலோகத்தை வெளியேத்தற கீலேஷன் சிகிச்சை பண்ணினா சரியாகும்னும் ஒருத்தர் சொல்றார். இப்போ லித்தியம் மாத்திரைன்னு வேற பேசறாங்க. எதை நம்பறதுன்னு தெரியல அக்கா.

பதில்: ஒரு மகளா நீங்க எதையாவது செஞ்சுட மாட்டோமான்னு தவிக்கறது எனக்குப் புரியுதும்மா. அதனாலதான் இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமா எழுதறேன், முழுசா படிச்சுட்டு முடிவெடுங்க.

முதல்ல அவர் சொல்றதுல உண்மை எவ்வளவுன்னு பார்ப்போம். அமைலாய்டு பீட்டா ஒரு பெப்டைடு, 40 இல்லாட்டி 42 அமினோ ஆசிட் இருக்கும், எல்லாரோட மூளையிலயும் உண்டாகறதுதான். அதோட முதல் 16 அமினோ ஆசிட் பகுதியில 6, 13, 14ன்னு மூணு ஹிஸ்டிடின் இருக்கு, உலோகம் வந்து ஒட்டறது அங்கதான். 1994ல புஷ்ங்கிற விஞ்ஞானியோட குழு ஜிங்க் சேர்த்தா இது வேகமா ஒண்ணா திரளுதுன்னு காட்டினாங்க. அல்சைமர் மூளையில இப்படித் திரண்டு படியறதைத்தான் அமைலாய்டு படலம்னு சொல்றேன். எலி, சுண்டெலிங்களோட அமைலாய்டு பீட்டாவுல 13வது ஹிஸ்டிடினுக்கு பதிலா ஆர்ஜினின் இருக்கு, இன்னும் ரெண்டு இடமும் மாறியிருக்கு, ஜிங்க் அதுல அவ்வளவா ஒட்டாது, இயற்கையா அந்த விலங்குங்களுக்கு மூளையில அமைலாய்டு படலம் வர்றதும் இல்ல. 1998ல மனுஷ மூளைப் படலத்தை நேரடியா அளந்தப்போ ஜிங்க்கும் இரும்பும் ஒரு மில்லிமோலார் கிட்டவும் காப்பர் அதுல பாதிக்குக் குறைவாவும் இருந்துச்சு, சுத்தியிருக்கிற திசுவை விட அதிகம். காப்பர் இன்னொரு வேலையும் பண்ணும், ஒரு சார்ஜுக்கும் ரெண்டு சார்ஜுக்கும் நடுவுல மாறிக்கிட்டே இருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும், அது செல்லுக்கு நல்லதில்ல. இவ்வளவும் உண்மை.

ஆனா இதுலேந்து "உலோகத்தை எடுத்துட்டா சரியாயிடும்"னு தாவினா அங்கதான் தப்பு. அந்தப் படலத்துல உலோகம் மாட்டிக்கிட்டு இருக்கு, அதே நேரம் பக்கத்துல இருக்கிற நியூரான் இணைப்பான சினாப்ஸுக்கும் என்சைமுக்கும் வேண்டிய உலோகம் கிடைக்காமலும் இருக்கலாம். மொத்தமா உறிஞ்சி எடுத்தா நல்ல இடத்துலேந்தும் போகும். இதை யோசனையா மட்டும் சொல்லல, மனுஷங்ககிட்டயே சோதிச்சுப் பார்த்தாச்சு. க்ளியோக்வினால்னு ஒரு பழைய மருந்தை 2003ல சின்ன அளவுல சோதிச்சாங்க, நம்பிக்கை வந்துச்சு, ஆனா அந்த மருந்துக்கு ஒரு வரலாறு உண்டு, ஜப்பான்ல பத்தாயிரத்துக்கும் மேல பேருக்கு நரம்பும் கண்ணும் பாதிச்சு 1970ல தடை பண்ணினாங்க. அதுக்கு அப்புறம் பிபிடி2ன்னு புதுசா ஒண்ணு, 2008ல வந்த சின்ன சோதனையில கொஞ்சம் நல்ல அறிகுறி, 2014ல வந்த ஒரு வருஷ சோதனையில மூளையில இருந்த அமைலாய்டு எதிர்பார்த்தபடி குறையல. இரும்பை எடுக்கிற டெஃபெரிப்ரோன் முடிவு 2024ல வெளிவந்துச்சு, ஹிப்போகேம்பஸ்ல இரும்பு குறைஞ்சுது, ஆனா நோயாளிங்களோட அறிவுத்திறன் மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட குழுவை விட வேகமா இறங்குச்சு. இரும்பு குறைஞ்சும் மனுஷன் மோசமானான். இந்த ஒரு முடிவை கீலேஷன் விக்கிறவங்ககிட்ட தைரியமா எடுத்துச் சொல்லுங்க.

லித்தியம் விஷயம் 2025ல வந்தது, ஹார்வர்ட்ல யாங்க்னர் குழு, அமைலாய்டு படலம் மூளையில இயற்கையா இருக்கிற துளி லித்தியத்தையும் இழுத்து வச்சுக்குதுன்னும், சுண்டெலிக்கு லித்தியம் ஓரோடேட் கொடுத்தப்போ ஞாபகம் தேறுச்சுன்னும் காட்டினாங்க. ரொம்ப நல்ல ஆய்வு, நானும் ஆவலா பின்தொடர்றேன். ஆனா அது சுண்டெலி. லித்தியம் கிட்னியையும் தைராய்டையும் பாதிக்கும், வயசானவங்களுக்கு ரத்தத்துல அளவு ஏறினா ஆபத்து, பிரஷர் மாத்திரை சிலதோட சேர்ந்தா இன்னும் ஏறும். அம்மாவோட நியூராலஜிஸ்ட்டைக் கேக்காம வாங்கிக் கொடுக்காதீங்கம்மா. அந்தக் காசையும் சக்தியையும் அவங்களுக்கு கூட இருந்து பார்த்துக்க ஒரு ஆளுக்கும், உங்களுக்கு வாரத்துல ஒரு நாள் ஓய்வுக்கும் செலவு பண்ணுங்க.

கேள்வி: அப்போ ஞாபக சக்திக்கு ஜிங்க் மாத்திரை தினமும் போடலாமா? பரீட்சை வருது.

பதில்: குறைபாடு இருக்குன்னு டாக்டர் சொல்லாத வரைக்கும் வேண்டாம். ஜிங்க்கை அதிகமா சாப்பிட்டா குடல் செல்லுல மெட்டலோதயோனீன் நிறைய உண்டாகும், அது காப்பரைக் கெட்டியா புடிச்சு வச்சுக்கும், அந்த செல் உதிர்றப்போ காப்பரும் கூடவே வெளிய போயிடும். பல்செட்டை ஒட்டற ஜிங்க் க்ரீமை வருஷக்கணக்கா அளவுக்கு மேல உபயோகிச்சவங்களுக்கு காப்பர் குறைஞ்சு நடையே தடுமாறினதை 2008ல டாக்டர்ங்க எழுதியிருக்காங்க. வளர்ந்தவங்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு அமெரிக்க வரம்பு. மூளை ஜிங்க்கை எந்தப் பையில எவ்வளவு வைக்கணும்னு தானே பார்த்துக்கும், மாத்திரையால அந்தப் பையை ரொப்ப முடியாது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி தூங்குங்க.

கேள்வி: இவ்வளவு சின்ன அயனி எங்க ஒட்டியிருக்குன்னு எப்படித்தான் பார்க்கிறாங்க?

பதில்: காப்பருக்கு வழி இருக்கு. ரெண்டு சார்ஜ் காப்பர்ல ஜோடி இல்லாத ஒரு எலக்ட்ரான் இருக்கும், காந்தப்புலத்துல வச்சு மைக்ரோவேவ் விட்டா ஈபிஆர்ங்கிற முறையில அது எத்தனை நைட்ரஜனுக்கு நடுவுல இருக்குன்னு தெரிஞ்சுடும். நிறமும் உதவும், நாலு நைட்ரஜன் சதுரத்துல இருந்தா 525 நானோமீட்டர் கிட்ட உறிஞ்சும், கரைசல் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவா இருக்கும். ஜிங்க்தான் கஷ்டம், அதோட எலக்ட்ரான் எல்லாம் ஜோடி சேர்ந்து நிறைஞ்சிருக்கிறதால நிறமும் கிடையாது, ஈபிஆர்லயும் எதுவும் வராது. அதனால ஜிங்க் இருந்த இடத்துல கோபால்ட்டை மாத்தி வச்சுப் பார்ப்பாங்க, இல்ல ஒட்டறப்போ வெளியாகற சூட்டை அளப்பாங்க, இல்ல ஜிங்க்கைப் பார்த்தா ஒளிர்ற சாயத்தைப் போடுவாங்க. முழு திசுவுல எந்த உலோகம் எங்கன்னு வரைபடம் போடணும்னா சிங்க்ரோட்ரான்ங்கிற பெரிய துகள் முடுக்கியில எக்ஸ்ரே விட்டு ஒவ்வொரு தனிமமும் திருப்பி விடற ஒளியைப் படிப்பாங்க. ஆனா அந்தப் படத்துல காப்பர் இருக்குன்னு தெரியுமே தவிர அது எந்த பெப்டைடோட கையில இருக்குன்னு தெரியாது, அதுக்கு அந்தத் திசுவிலேந்து பெப்டைடைப் பிரிச்செடுத்து எடையை வச்சு மூலக்கூறை அடையாளம் காட்டற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல போடணும், பிரிக்கிறப்போவே உலோகம் கை மாறிடும். இந்த ஃபீல்டுக்கு வரணும்னு ஆசைப்படற பசங்க, உயிரோட இருக்கிற திசுவுலயே கை மாறாம பார்க்கிற ஒரு வழியைத் தேடுங்க, இப்போ ரொம்பத் தேவை அதுதான்.